பி-யை விட்டு நகராதது

ஒஹாயோவில் யாரோ பின்னால் வந்து இடித்த கார்.
செத்துவிட்டது என்று காப்பீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட,
கப்பலேறி ஜார்ஜியாவுக்கு வந்தது.
போத்தி துறைமுகத்தில் தகடு தட்டி, மாவு பூசி,
வெள்ளி நிறம் அடித்தார்கள்.
சாய்வெயிலில் பார்த்தால் மட்டும்
டிக்கியின் மேல் ஒரு அலை ஓடும்.
முள் இன்னும் மைலில்தான் பேசுகிறது.

பாத்ரி அதை ருஸ்தாவி கார்ச்சந்தைக்குக் கொண்டுவந்தான்.
கியர்த் தண்டு
பி-யை விட்டு நகரமாட்டேன் என்கிறது.

ஆட்டோமேட்டிக் என்றாலே எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு.
எதிர்க்கடை நொதார், வால்வு பாடி போச்சு என்றார்.
டயர் விற்கும் இரட்டையரில் ஒருவன் ஆயில் பம்ப் என்றான்,
மற்றவன் கம்ப்யூட்டர்.
வண்டியின் பக்கமே திரும்பாத ஒருவர்
ஆயிரத்து எண்ணூறு லாரி ஆகும் என்றார்.
(லாரி என்பது அவர்கள் ஊர்ப் பணம்.
சுமை என்னவோ ஒன்றுதான்.)

சியாலா கியர்ப்பெட்டிக்காரி இல்லை, வயர்க்காரி.
கூட்டம் டீக்குப் போன நேரத்தில் வந்தாள்.
ஆயில் குச்சியை உருவி, காகிதத்தில் ஒற்றி, முகர்ந்தாள்.
மாதுளைச் சிவப்பு. தீய்ந்த வாடை இல்லை.
டி போடும்போது உதறுகிறதா?
இல்லை.
ரிவர்ஸில் தயங்குமா?
இல்லை.
பி-யை விட்டே வராது என்கிறாய்,
பிறகெப்படி ஓட்டி வந்தாய்?

பாத்ரி வெட்கமும் பெருமையுமாகக் காட்டினான்:
தண்டின் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு மூடி.
அதை நெம்பி எடுத்து, துளையில் சாவியைக் குத்த,
டொக்.
துறைமுகத்தில் ஒருத்தன் சொல்லிக்கொடுத்தானாம்.
முந்நூறு கிலோமீட்டர், ரிக்கோத்தி மலையில் மழை வேறு.
"பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.
புது வண்டி என்று பார்க்கிறார்கள் போல.
நானும் கையசைத்தேன்."

சியாலா சிரிக்கவில்லை.
மூடியை வாங்கி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு
வண்டியின் பின்னால் போய் நின்றாள்.
பிரேக்கை மிதி.
மிதித்தேன்.
மிதி என்றேன்.
மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்!

மூன்று கண்ணாடியும் இருட்டு.

கால் மிதித்த சேதி
ஒரே கம்பியில் புறப்பட்டு இரண்டு வீட்டுக்குப் போகிறது.
ஒரு வீடு பின்விளக்கு.
மற்றது கியரின் பூட்டு.
பின்னால் வருகிறவனிடம்
இதோ நிற்கிறேன் என்று சொல்ல வாயில்லாத வண்டி
கிளம்பவும் மறுக்கிறது.
அதுவும் ஒருமுறை பின்னால் அடிபட்ட வண்டி.

கருகிய ஃபியூஸைப் பிடுங்கிப் புதிது போட்டாள்.
பட்.
அதுவும் போயிற்று.
அப்போதுதான் அவள் முகம் மலர்ந்தது.
டிக்கியின் விரிப்பை உரித்து
தலைகீழாய் உள்ளே நுழைந்தாள்.
இடது விளக்குக்குப் போகும் வயர்
தட்டி நிமிர்த்திய தகட்டின் மடிப்பில் கடிபட்டுக் கிடந்தது,
தோல் கிழிந்து, செம்பு தெரிய.
டேப், கொஞ்சம் ரப்பர், கால் மணி நேரம்.
மூன்றாவது ஃபியூஸ் நிலைத்தது.
பிரேக்கை மிதித்ததும் தண்டு
வெண்ணெயில் கத்தி போல் டி-க்கு இறங்கியது.

பாத்ரிக்கு ஏமாற்றம்.
பெட்டியைத் திறக்கவே இல்லையே?
பொலோஞாவில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, உண்ணக்கொடுத்து
மனைவி அனுப்பிய பணம்
சட்டைப்பையில் அநேகமாய் அப்படியே இருந்தது.
எவ்வளவு செலவாயிற்று என்று அவளிடம் சொல்வது?
அந்தக் கணக்கு
அவன் உதட்டில் ஓடியதை சியாலா பார்த்தாள்.
மொத்தம் நாற்பத்தைந்து, என்றாள்,
ரசீது எழுதியே தருகிறேன்.

மூடி அவள் பையிலேயே தங்கிவிட்டது.
கை தட்டிக் கூப்பிடுவதற்குள்
வண்டி சந்தை வாசல் வரை போய்விட்டது.
அங்கே ஒரு நொண்டி நாய், அவசரமில்லாமல், குறுக்கே வந்தது.
மூன்று விளக்கும் சிவந்தன.
பின்னால் வந்த லாரி,
இது நிஜ லாரி,
ஹாரன் அடிக்காமல் நின்றது.